டேட்டாபேஸுக்கு எவ்வளவு ராம் கொடுக்கலாம்? சேலம் வாசகர் கேள்விகள்

இளம்பிள்ளை வாசகர்: சேலை மொத்த வியாபாரம் சார். மைஸ்க்யூஎல் 8.0, ராம் 16 ஜிபி. முகூர்த்த சீசனில் ஸ்டாக் ரிப்போர்ட் வர ரொம்ப நேரமாகிறது. ஆனால் ராமில் பாதிக்கு மேல் சும்மாதான் கிடக்கிறது.

சும்மா கிடப்பதில்தான் கோளாறு. 'இன்னோடிபி பஃபர் பூல் சைஸ்' செட்டிங்கை யாரும் தொடாமல் விட்டிருப்பார்கள். டேட்டாவை ராமில் வைத்துக்கொள்ள மைஸ்க்யூஎல் எடுக்கும் இடத்தின் அளவு அது. தொடாவிட்டால் வெறும் 128 எம்பி. உங்கள் சரக்குக் கணக்கு அதற்குள் அடங்காமல், ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் டிஸ்க்கைப் போய்த் துழாவுகிறது. சர்வரில் டேட்டாபேஸ் மட்டும்தான் ஓடுகிறதென்றால் 10, 11 ஜிபி வரை கொடுங்கள். பில்லிங் சாஃப்ட்வேரும் அதே மெஷினில் என்றால் 7, 8 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'செட் பெர்சிஸ்ட்' கட்டளையில் மாற்றினால் ரீஸ்டார்ட் தேவையில்லை. அப்புறம் கடையில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, 'இன்னோடிபி பஃபர் பூல் ரீட்ஸ்' எண்ணை ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க்குக்குப் போன தடவைகளின் கணக்கு அது. பெரிதாக ஏறவில்லை என்றால் கொடுத்தது போதும்.

சூரமங்கலம் வாசகர்: போஸ்ட்கிரெஸ்ஸில் ஒர்க் மெம்மை 256 எம்பி ஆக்கினேன். ரெண்டு நாள் பறந்தது. மாதக் கடைசியில் சர்வர் படுத்துவிட்டது. ராம் 16 ஜிபி, 60 பேர் உள்ளே இருப்பார்கள்.

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறைக் கணக்குக்கு இப்படித்தான் ஏற்றி வைத்தேன். கூலி பட்டுவாடா சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் ரிப்போர்ட்டைத் தட்ட, மெமரி தீர்ந்து லினக்ஸ் போஸ்ட்கிரெஸ்ஸையே கொன்றுவிட்டது. கொலுசுக்குப் பொடி வைத்துப் பற்றவைக்கிறவர்கள் இருட்டும்வரை வாசலில் காத்திருந்தார்கள். அந்த முகங்கள் இன்னும் மறக்கவில்லை.

ஒர்க் மெம் என்பது சர்வருக்கு மொத்தமாகக் கொடுக்கும் அளவு கிடையாது, ஆளுக்கு இவ்வளவு என்றும் கிடையாது. ஒரு குவெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு சார்ட்டும் (வரிசைப்படுத்துவது), ஒவ்வொரு ஹாஷும் (வரிகளைப் பொருத்த, தொகுக்கப் போடும் தற்காலிகப் பட்டியல்) தனித்தனியாக அந்த அளவு வரை எடுத்துக்கொள்ளும். 60 பேர், ஆளுக்கு ரெண்டு சார்ட், 256 எம்பி. பெருக்கிப் பாருங்கள், 30 ஜிபி! 15-ஆம் வெர்ஷனிலிருந்து ஹாஷுக்கு இரண்டு மடங்கு வரை அனுமதி வேறு.

பொதுவாக 8 அல்லது 16 எம்பி வையுங்கள். மாதக் கடைசி ரிப்போர்ட் ஓட்டுகிற யூசருக்கு மட்டும் 'ஆல்டர் ரோல்' போட்டு ஏற்றிக் கொடுங்கள். எந்த ரிப்போர்ட்டுக்குத் தேவை என்பதை 'எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்' காட்டிவிடும். அதில் 'எக்ஸ்டர்னல் மெர்ஜ்' என்று வந்தால், சார்ட் ராமில் கொள்ளாமல் டிஸ்க்கில் வழிந்திருக்கிறது என்று பொருள். எல்லோருக்கும் பொதுவாக டேட்டாவை வைத்துக்கொள்ளும் ஷேர்ட் பஃபர்ஸ் ராமில் கால்வாசி, அதாவது 4 ஜிபி இருக்கட்டும்.

ஏற்காடு, காப்பி எஸ்டேட் ஆபீஸ்: 16 ஜிபி போஸ்ட்கிரெஸ் சர்வரில் எஃபெக்டிவ் கேஷ் சைஸை 12 ஜிபி ஆக்கியும் மெமரி ஏறவே இல்லையே?

ஏறாது. அது மெமரியை ஒதுக்குவதில்லை. 'இவ்வளவு டேட்டா கேஷில் கிடைக்கும்' என்று, குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என முடிவெடுக்கும் பிளானருக்குச் சொல்லும் உத்தேசக் கணக்கு, அவ்வளவுதான். 12 நல்ல எண்தான், அப்படியே விடுங்கள்.

அம்மாபேட்டை வாசகர்: பழைய செட்டிங் ஃபைலைப் போட்டதும் மைஸ்க்யூஎல் 8 ஸ்டார்ட் ஆகவில்லை அண்ணா.

குவெரியின் விடையைச் சேமித்துவைக்கும் 'குவெரி கேஷ்' வசதிக்கான வரிகள் அதில் இருக்கும், தம்பி. 8.0-வில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். வரிகளை நீக்குங்கள், ஸ்டார்ட் ஆகும்.

ஆத்தூர், சேகோ ஃபேக்டரி: எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். 8 ஜிபியை 32 ஆக்கினோம். கிழங்கு வண்டி எடை போட்டு பில் வர அதே நேரம்தான்.

ராமுக்குப் போட்ட காசை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. எக்ஸ்பிரஸ் இலவச எடிஷன், அதன் பஃபர் பூல் 1410 எம்பியைத் தாண்டாது. 64 ஜிபி போட்டாலும் அதேதான். அந்த பில் குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸிகியூஷன் பிளானை எடுங்கள். 'ஸ்கேன்' என்று இருந்தால், ஒரு வண்டிக்காக டேபிள் முழுவதையும் புரட்டுகிறது. வண்டி நம்பர், தேதி இரண்டையும் சேர்த்து ஒரு இண்டெக்ஸ் போடுங்கள், தேடும் வரிக்கு நேராகப் போய்விடும். போன சீசன்களின் வரிகளைத் தனி டேபிளுக்கு மாற்றுங்கள். இதற்குப் பிறகும் இழுத்தால் மட்டும் ஸ்டாண்டர்டு எடிஷன் விலையை விசாரியுங்கள்.