இலவசப் பாலும் வெளுத்த முகமும்

கேள்வி: என் மகனுக்கு இரண்டேகால் வயது. அரசுத் திட்டத்தில் குழந்தைக்கு இலவசமாகப் பால் கிடைக்கிறது. தினமும் ஏறக்குறைய ஒரு லிட்டர் குடித்துவிடுகிறான். சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். சில மாதங்களாக முகம் வெளுத்திருக்கிறது, சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறான். சளியும் மலச்சிக்கலும் வேறு. இலவசப் பால் மட்டமானது, ரசாயனம் கலந்தது என்று ஒரு காணொலியில் சொன்னார்கள். நிறுத்திவிடட்டுமா? மருந்துக்கடையில் கேட்டு இரும்புச்சத்து டானிக் வாங்கி வைத்திருக்கிறேன், கொடுக்கலாமா?

பதில்: அந்த டானிக் பாட்டிலை முதலில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், அம்மா. இந்த வாரத்திற்குள் குழந்தைநல மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பாலைப் பற்றிய சந்தேகங்கள் அதுவரை காத்திருக்கலாம்.

சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். சுண்ணாம்பு, மண், சாம்பல், பனிக்கட்டி என்று உணவல்லாத எதையாவது ஒரு குழந்தை விடாமல் தேடித் தின்றால், அதைக் குறும்பு என்று கண்டித்துவிட்டுப் போகக் கூடாது. இரும்புச்சத்துக் குறைவின் பழைய, நம்பகமான அடையாளம் அது. முகம் வெளுப்பதும் சேர்ந்துகொண்டால் ரத்தசோகையைத்தான் முதலில் நினைக்க வேண்டும். வெளிச்சத்தில் அவனை மடியில் வைத்துக் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உட்புறம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். உள்ளங்கையை உங்கள் கையோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வெளிறியிருந்தால் வாரக்கடைசிவரைகூடக் காத்திருக்காதீர்கள். நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம், கண்ணை மட்டும் நம்பி முடிவுசெய்கிற விஷயமில்லை இது.

அப்படியானால் பால்தான் கெடுத்ததா? ஒரு லிட்டர் பசும்பாலில் இருக்கும் இரும்பு ஏறத்தாழ அரை மில்லிகிராம். அதிலும் பத்தில் ஒரு பங்குதான் உடலில் சேரும். உங்கள் மகன் வயதுக் குழந்தைக்கு உணவிலிருந்து நாளொன்றுக்கு 7 மில்லிகிராம் அளவுக்காவது இரும்பு கிடைக்க வேண்டும். அந்த ஒரு லிட்டரில் 600 கலோரிக்கு மேல் இருக்கிறது. அவனுடைய ஒரு நாள் தேவையில் பாதிக்கு மேல் பாலிலேயே முடிந்துவிடுகிறது. பிறகு பசி எப்படி எடுக்கும்? போதாக்குறைக்கு, பாலில் உள்ள கால்சியமும் புரதமும் மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் குடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. மலச்சிக்கலுக்கும் பெரும்பாலும் இந்த அளவு மீறிய பாலே காரணம். பால் நல்ல பால்தான். அளவுதான் எல்லை மீறிவிட்டது.

அரசு கொடுப்பதை வீணாக்கக் கூடாது என்று முழுவதையும் குழந்தைக்கே ஊட்டும் தாய்மார்கள் பலர். அக்கறைதான் காரணம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் திட்டங்கள் உணவோடு துணையாகப் பால் சேரட்டும் என்று ஏற்பட்டவை. பிரிட்டனில் பகல்நேரக் காப்பகத்திற்கு வரும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இலவசமாகத் தருவது நாளுக்கு 189 மில்லிலிட்டர்தான். அமெரிக்காவின் தாய் சேய் உணவுத் திட்டம், ஒரு வயது நிறையாத குழந்தைக்குப் பசும்பால் தருவதே இல்லை. இரும்பின் குறையை அரசுகளும் அறிந்தே இருக்கின்றன: சிலி நாட்டில் குழந்தைகளுக்கான இலவசப் பால்பொடியில் 1999 முதல் இரும்பும் துத்தநாகமும் வைட்டமின் சி-யும் சேர்க்கிறார்கள். உங்களுக்குக் கிடைக்கும் பாக்கெட்டில் இரும்பு சேர்த்ததாக அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காணொலிக்கு வருவோம். வாரக்கணக்கில் கெடாத பால் என்றாலே ரசாயனம் என்று பயமுறுத்துகிறார்கள். சில நொடிகள் 135 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் காற்றுப் புகாமல் அடைத்த பால், ரசாயனம் எதுவும் இல்லாமலே கெடாது. பால் சளியை உண்டாக்குவதில்லை. இலவசம் என்பதாலேயே ஒரு பொருள் மட்டமாகிவிடாது. தேதி தாண்டியிருந்தால், உறை உப்பியிருந்தால், புளித்த வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். மற்றபடி தாராளமாகக் கொடுக்கலாம்.

எனவே பாலை அடியோடு நிறுத்த வேண்டாம். நாளுக்கு 400 முதல் 500 மில்லிலிட்டருக்குள் நிறுத்துங்கள், தயிராகக் கொடுப்பதையும் அதில் சேர்த்து. புட்டியில் குடிக்கிறான் என்றால் டம்ளருக்கு மாற்றுங்கள். படுக்கையில் புட்டி கூடவே கூடாது. சாப்பாட்டுக்கு முன்னால் பால் வேண்டாம். முட்டை, இறைச்சி, பயறு, கீரை என எது உங்கள் வீட்டில் உண்டோ அது முதலில், கூடவே ஏதேனும் புளிப்புப் பழம். முதல் சில நாள் அழுது அடம்பிடிப்பான். பால் புட்டியை நீட்டி அவனைச் சமாதானப்படுத்தாதீர்கள்.

டானிக் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. எடை பார்க்காமல், ரத்தம் பார்க்காமல் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததைக் குழந்தை வாயில் ஊற்றுவதா? இரும்பு மருந்து அளவு மீறினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. இனிப்பாக இருக்கிறதென்று பாட்டிலோடு குடித்துவிட்டு அவசரப் பிரிவுக்கு வரும் குழந்தைகள் உண்டு. தலசீமியா போன்ற பரம்பரைக் குறைபாட்டாலும் முகம் வெளுக்கும், அதற்கு வைத்தியம் வேறு. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்து, இரும்புக் குறைவுதான் என்று மருத்துவர் முடிவுசெய்தால், எடைக்கேற்ற அளவை அவரே எழுதித் தருவார். அதைப் பாலோடு கலந்து கொடுக்காதீர்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், மருந்தால் வருவதுதான்.

மருந்து தொடங்கும் முன்பே மலம் கறுத்தாலோ, அதில் ரத்தம் தெரிந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, விளையாட எழாமல் துவண்டு கிடந்தாலோ, கால் வீங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இல்லையென்றால் ஒரு மாதத்தில் மறுபரிசோதனை. ஹீமோகுளோபின் ஏறிவிட்டதென்று அப்போது மருந்தை நிறுத்திவிடாதீர்கள், உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்ப மேலும் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.