மறதிநோய்ச் சோதனைத் தாளுக்கு ‘வேலிடேஷன் சான்றிதழ்’ வாங்கலாமா?

கேள்வி: கோலாலம்பூரில் தாதியர் துறையில் முதுகலை படிக்கிறேன். செந்தூல் பக்கம் உள்ள முதியோர் இல்லத்தில் எத்தனை தமிழ்ப் பாட்டிமாருக்கு மறதிநோய் இருக்கிறது என்று பார்ப்பது என் ஆய்வு. நினைவையும் சிந்தனையையும் கேள்வி கேட்டு அளக்கும் எம்.எம்.எஸ்.இ. தாளைத் தமிழாக்கி, திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்த்து, தாள் அளக்க வேண்டியதைச் சரியாக அளக்கிறது என்று ‘வேலிடேஷன் சான்றிதழும்’ தர ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறது. ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் குழுவுக்கு இது போதுமா?

பதில்: குழுவுக்கு ஒருவேளை போதும். ஆய்வுக்குப் போதாது. பணத்தைக் கட்டாதீர்கள்.

அப்படியொரு சான்றிதழை யாரும் தர முடியாது. திரும்ப மொழிபெயர்த்துப் பார்த்தால் வாக்கியத்தின் பொருள் மாறியதா என்பது தெரியும். நோய் உள்ளவரையும் இல்லாதவரையும் அந்தத் தாள் பிரிக்கிறதா என்பது தெரியாது. அதற்கு ஒரு மருத்துவர் தனியே பரிசோதித்து, இவருக்கு நோய் உண்டு, இவருக்கு இல்லை என்று முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவு தெரியாத இன்னொருவர் தாளை வைத்துக் கேட்க வேண்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். எடைக்கல் இல்லாமல் தராசைச் சரிபார்க்க முடியுமா?

எம்.எம்.எஸ்.இ. 1975இல் வந்த தாள், 30 மதிப்பெண். 24க்குக் கீழே போனால் சந்தேகம் என்பது வழக்கம். அமெரிக்காவில் 1993இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில், நான்கு வருடமோ அதற்குக் குறைவாகவோ பள்ளி போனவர்களில் பாதிப் பேர் 22ஐத் தாண்டவில்லை. ஒன்பது வருடமோ அதற்கு மேலோ படித்தவர்களின் நடு மதிப்பெண் 29. உங்கள் இல்லத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய பாட்டிமார் இருப்பார்கள். எத்தனை கிலோவுக்கு எவ்வளவு கூலி என்று மனக்கணக்காகவே சொல்வார்கள். இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொன்னால், பென்சிலை எந்தப் பக்கம் பிடிப்பது என்று உங்களைப் பார்ப்பார்கள். அதற்கும் மதிப்பெண் குறையும். அது மறதிநோய் இல்லை.

அடுத்து, புள்ளிவிவரம் போட்டுத் தருகிறவர்கள். ‘குரோன்பாக் ஆல்பா 0.8 வந்துவிட்டது, தாள் வேலிடேட்டட்’ என்பார்கள். நம்ப வேண்டாம். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதற்கு மேல் அந்த எண் எதுவும் சொல்வதில்லை. எல்லாக் கேள்விகளும் சேர்ந்தே படிப்பை அளந்தாலும் ஆல்பா அழகாகத்தான் வரும்.

ஏற்கெனவே தமிழில் சோதித்த கருவியை எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கலாம். வளரும் நாடுகளில் மறதிநோயை ஆராயும் 10/66 ஆய்வுக் குழு சென்னையிலும் வேலூரிலும் தமிழ் முதியவர்களிடம் வேலை செய்திருக்கிறது. குடும்பத்தாரிடமும் தனியே கேட்பார்கள் என்பதால் எனக்கு அந்த முறை பிடிக்கும். ஆனால் உரியவர்களிடம் அனுமதி கேட்டு, கேள்விகளை மட்டும் எடுங்கள். எத்தனைக்குக் கீழே போனால் சந்தேகம் என்ற வெட்டு மதிப்பெண்ணை அப்படியே எடுக்காதீர்கள். ஊர், மாநிலம், தலைவர் பெயர் கேட்கிற இடங்கள் இங்கே மாறும். மாற்றியதை முதலில் நாலைந்து முதியவரிடம் கேட்டு, என்ன புரிந்தது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் தெலுங்கோ மலையாளமோ பேசி வளர்ந்த பாட்டியைத் தமிழ்க் கணக்கில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் தனியாகக் குறியுங்கள். இல்லத்தில் இருப்பவரின் மகள் மாதம் ஒருமுறை வருகிறவர் என்றால், அவர் சொல்வதற்கும் அந்த அளவுக்குத்தான் மதிப்பு.

இன்னொன்று, நிறுவனம் உங்களிடம் சொல்லாதது. எம்.எம்.எஸ்.இ.க்குப் பதிப்புரிமை உண்டு. தாளுக்கும் கட்டணம், மொழிபெயர்க்கவும் அனுமதி வேண்டும். இதே வகையான மோகா என்ற தாளுக்குப் பயிற்சிச் சான்று கேட்கிறார்கள். 2004இல் சிட்னியில் உருவான ருடாஸ் என்ற மறதிநோய்ச் சோதனை, வெவ்வேறு மொழியும் பண்பாடும் உள்ளவர்களுக்காகவே செய்தது. கட்டணம் கிடையாது. தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சோப்பு என்று மளிகைப் பட்டியலை நினைவில் வைக்கச் சொல்லும்.

எத்திக்ஸ் படிவத்தில் ‘வேலிடேட்டட் கருவியா?’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆம் என்று டிக் அடித்தால் விஷயம் முடிந்தது. யாரிடம், எந்த ஊரில், எந்தப் படிப்புள்ளவர்களிடம் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆறு மாதத்தில் ஆய்வை முடி என்றும் சொல்லிவிடுகிறோம். சான்றிதழும் புள்ளிவிவரமும் விற்கிற இந்தக் கடைக்காரர்கள் பிழைப்பதே இதனால்தான்.

மருத்துவமனை நினைவாற்றல் கிளினிக் ஒன்று ஒத்துழைத்தால் ருடாஸை வைத்து முறையாகச் செய்யுங்கள். இல்லையென்றால் மேற்பார்வையாளரிடம் பேசித் தலைப்பை மாற்றுங்கள். எத்தனை பேருக்கு மறதிநோய் என்பது வேண்டாம். இந்தக் கேள்விகளைத் தோட்டத்துப் பாட்டிமார் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று வையுங்கள். அதற்கு ஒப்புதல் படிவமும், குரல் பதிவுக் கருவியும், உங்கள் பொறுமையும் போதும். மூவாயிரம் வெள்ளியும் மிஞ்சும்.