காலையில் மட்டும் கல்லாகும் பிரேக்

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கிறேன். என் ஜப்பானியக் காருக்கு 13 வயது. வாகன உரிமைச் சான்றிதழை ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பித்து ஓட்டுகிறேன். காலையில் பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் ஐந்தாம் தளத்திலிருந்து இறங்கினால், மூன்றாவது வளைவுக்குள் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடுகிறது. இருக்கையில் முதுகை முட்டுக்கொடுத்து மிதித்தால்தான் கார் நிற்கிறது. பத்து நிமிடம் ஓடிவிட்டால் எல்லாம் சரி. போன மாதம் ஆண்டுச் சோதனையில்கூடத் தேறிவிட்டது. பட்டறையில் ஒரே ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, "பூஸ்டர் போய்விட்டது, 850 வெள்ளி" என்றார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆனால் கோளாறு இன்னதென்று தெரியும்வரை அந்தக் காரை ஓட்டவும் வேண்டாம்.

பூஸ்டரின் உள்ளே கிழிந்திருந்தால் அது காலை, மாலை பார்க்காது. பெரும்பாலும் நாள் முழுதும் தொல்லை தரும். பத்து நிமிடத்தில் சரியாகிறது என்றால், பூஸ்டருக்குப் போய்ச் சேர வேண்டியது நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். போய்ச் சேர வேண்டியது வெற்றிடம். பட்டறையில் வேக்குவம் என்பார்கள்.

என்ஜின் அறையின் பின்சுவரில் கறுப்பாக, தட்டையான பானை போல ஒட்டிக்கொண்டிருப்பதுதான் பூஸ்டர். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. கால் வைக்காதபோது சவ்வின் இரு பக்கமும் வெற்றிடம். மிதித்ததும் ஒரு பக்கத்தில் வெளிக்காற்று நுழைந்து சவ்வைத் தள்ளும். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள சவ்வில் 18 அங்குலப் பாதரச (வெற்றிடத்தை அளக்கும் அலகு இது) வெற்றிடம் இருந்தால் ஏறத்தாழ 300 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை கிடைக்கும். வெற்றிடம் 10 அங்குலத்துக்கு இறங்கினால் அது 170 கிலோவாகச் சுருங்கிவிடும். குறைந்த அந்த 130 கிலோவைத்தான் உங்கள் கால் தேடிக்கொண்டிருக்கிறது.

இந்த வெற்றிடத்தைத் தருவது என்ஜின். என்ஜினுக்குள் காற்று போகும் வழியில் உள்ள திராட்டில் கதவு ஏறக்குறைய மூடியிருக்க, பிஸ்டன்கள் காற்றை உறிஞ்சப் பார்க்கின்றன. அந்த இழுபறியில் பிறப்பது அது. சூடேறிய, நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் என்ஜின் ஐட்லிங்கில், அதாவது கார் நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும்போது, 17 முதல் 22 அங்குலம் வரை காட்டும். காலையில் கதை வேறு. குளிர்ந்த என்ஜின் கிளம்பியதும், புகையைச் சுத்திகரிக்கப் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்குவதற்காகக் காரின் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தி, திராட்டிலையும் கொஞ்சம் அதிகமாகத் திறந்து வைக்கிறது. நம் ஊர் வெக்கையில் காருக்குள் ஏறியதும் கை தானாக ஏர்கானுக்குப் போய்விடுகிறது. கம்ப்ரசரின் சுமையும் சேர்ந்துகொள்கிறது. இரண்டுமே வெற்றிடத்தைக் குறைப்பவை. சரியாக அந்த நேரத்தில் நீங்கள் ஐந்து மாடி இறங்குகிறீர்கள். வளைவுக்கு ஒரு மிதி, ஒவ்வொரு மிதிக்கும் பூஸ்டரில் சேர்ந்திருக்கும் வெற்றிட இருப்பில் கொஞ்சம் செலவு. ஆண்டுச் சோதனையில் தேறியதிலும் வியப்பில்லை. சோதனை நிலையத்துக்கு ஓட்டிப் போய்ச் சேர்வதற்குள் என்ஜின் சூடாகிவிட்டிருக்கும்.

இதே குளிர்ந்த என்ஜினோடுதான் பக்கத்துக் கார்களும் இறங்குகின்றன, அவை ஒழுங்காக நிற்கின்றனவே என்று கேட்பீர்கள். அவற்றில் இருப்பு கசிவதில்லை. உங்கள் காரில் எங்கோ கசிகிறது, அல்லது என்ஜினே பலவீனமாக இழுக்கிறது. இரண்டில் எது என்று அறிய ஒரு காசும் செலவில்லை. காரை நிறுத்துமிடத்திலேயே வைத்துப் பாருங்கள்.

என்ஜினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மிதியுங்கள். முதல் மிதி ஆழமாகவும் அடுத்தடுத்தவை மேலேறியும் இருந்தால் இருப்பு நிற்கிறது. முதல் மிதியே கல்லாக இருந்தால், பூஸ்டருக்கு வரும் ரப்பர் குழாயில் உள்ள ஒருவழி வால்வு, அந்தக் குழாய், அல்லது பூஸ்டர், இம்மூன்றில் ஒன்று கசிகிறது. விலையில் ஆகச் சிறியது வால்வு. அதிலிருந்து தொடங்குவதுதானே முறை? அடுத்து, என்ஜின் அணைந்த நிலையில் நாலைந்து முறை மிதித்து இருப்பைத் தீர்த்துவிட்டு, காலை எடுக்காமல் என்ஜினைக் கிளப்புங்கள். மிதி சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் உதவி வரவில்லை என்று பொருள். மிதிக்கும்போது காலடியில் விடாமல் உஸ்ஸென்று சத்தம் வந்தாலோ, என்ஜின் ஐட்லிங் தடுமாறினாலோ, அப்போது பூஸ்டரின் சவ்வைச் சந்தேகிக்கலாம். பட்டறைக்காரர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். சோதிக்காமல் சொன்னதுதான் தவறு.

பிறகு பட்டறைக்குக் காரை இழுவை வண்டியில் அனுப்பி, வெற்றிடத்தை அளக்கும் வேக்குவம் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜின் பக்கம் ஒரு அளவு, பூஸ்டர் முனையில் ஒரு அளவு. என்ஜினில் 18 காட்டி பூஸ்டரில் 12 காட்டினால் குற்றவாளி பெரும்பாலும் நடுவில் உள்ள குழாயோ வால்வோதான். இரண்டிலும் 12 என்றால் பூஸ்டரை மாற்ற அவசரப்பட வேண்டாம்; காற்று உள்ளே போகும் பாதையின் இணைப்பை அடைக்கும் இன்டேக் கேஸ்கெட்டில் கசிவு, பிந்திய தீப்பொறி, தேய்ந்த வால்வுகள், அடைத்துக்கொண்ட கன்வெர்ட்டர் என்று முதலில் என்ஜினில் தேட வேண்டும். அந்த இரண்டு எண்களையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் பட்டறையில் 850 வெள்ளிக்கு வேலை கொடுக்க நான் துணியமாட்டேன்.

"அளவு கொஞ்சம் குறையத்தான் செய்யும்" என்று யாராவது சமாளித்தால் நம்பாதீர்கள். உயரம் ஏற ஏற அளவு குறைவது உண்மை, ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம். ஆனால் சிங்கப்பூரின் ஆக உயரமான புக்கிட் தீமா குன்றே 160 மீட்டரை ஒட்டித்தான். மலேசியாவின் கெந்திங் மலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது வேறு கணக்கு. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் ஐந்தாறு அங்குலம் போய்விடும். கீழே ஒப்பேறிக்கொண்டிருந்த கார் அங்கிருந்து இறங்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். சிறிய கியரில் இறங்குங்கள். என்ஜினே வேகத்தைப் பிடிக்கும், மூடிய திராட்டிலால் வெற்றிடமும் கூடும்.

குழாயைப் பற்றி ஒரு சொந்த அனுபவம். என் பழைய காரில் அது மேலிருந்து பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தது. கழற்றித் திருப்பியபோதுதான், தாங்கு இரும்பில் உரசிய அடிப்பக்கத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு வெடிப்பு. மடக்கினால் வாய் திறந்தது, விட்டால் மூடிக்கொண்டது. அவசரத்துக்கு ஒரு பட்டறையில் பெட்ரோல் குழாயில் ஒரு துண்டு வெட்டி மாட்டிக் கொடுத்தார்கள். என்ஜின் சூடானதும் அது உறிஞ்சுகுழல் போல ஒட்டிச் சப்பையாகிப்போனது. பெட்ரோல் குழாய் உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கச் செய்தது. வெற்றிடத்தைத் தாங்குவதற்கென்று செய்த பூஸ்டர் குழாயைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஓடும்போது எப்போதாவது மிதி இறுகிவிட்டால் பதறி மீண்டும் மீண்டும் மிதிக்காதீர்கள். மிச்சமிருக்கும் இருப்பும் போய்விடும். என்ஜினை அணைக்காதீர்கள். ஒரே மூச்சாக, தேவையானால் இரு காலாலும், அழுத்திப் பிடியுங்கள். பூஸ்டர் இல்லாமலும் பிரேக் பிடிக்கும், பலம்தான் அதிகம் வேண்டும்.

கேள்வி: இதே கோளாறுக்கு ஒரு பட்டறையில் பூஸ்டரை மாற்றினேன். பிரேக் இறுக்கம் அப்படியே இருந்தது. வேறு பட்டறையில் இன்டேக் கேஸ்கெட் கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். முதல் பட்டறையில் பணத்தைத் திருப்பிக் கேட்டால், "புது பூஸ்டர் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்குப் பணம்?" என்கிறார்கள். 'லெமன்' சட்டம் உதவுமா?

பதில்: அவர்கள் சொல்வதில் ஒரு தந்திரம் இருக்கிறது. 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள 'லெமன்' விதிகள் குறையுள்ள பொருளுக்கானவை. பூஸ்டரில் குறை இல்லையென்றால் அந்தக் கதவைத் தட்டிப் பயனில்லை. ஆனால் பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வணிகச் சட்டத்தில் இன்னொரு கதவு உண்டு. தேவையில்லாத பழுதுபார்ப்பையோ பாகத்தையோ தேவை என்று சொல்வது அதில் நியாயமற்ற செயலாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. முன்கூட்டிச் சொன்ன மதிப்பீட்டைவிட, உங்கள் ஒப்புதல் இல்லாமல் பெருமளவு கூடுதலாக வாங்குவதும் அப்படியே.

உங்கள் பலம் இரண்டாவது பட்டறையின் ரசீது. கசிவு எங்கே இருந்தது, சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் அளவு என்ன என்று அதில் எழுதச் சொல்லுங்கள். அதை வைத்து முதல் பட்டறைக்கு எழுத்தில் கோரிக்கை அனுப்புங்கள். தொலைபேசியில் சண்டை போட்டால் தொண்டைதான் கட்டும். மசியவில்லையென்றால் பயனீட்டாளர் சங்கம், அதன் பிறகு சிறு கோரிக்கை நடுவர் மன்றம். மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் கிடையாது. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட பயனீட்டாளர் கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளி. முழுத் தொகையும் கிடைக்கும் என்று ஆசைகாட்ட மாட்டேன். தவறாகக் கணித்ததையும் தெரிந்தே ஏமாற்றியதையும் பிரித்துப் பார்ப்பார்கள். பல வழக்குகள் பாதியில் சமரசமாக முடிவதும் உண்டு.

கேள்வி: உணவு விநியோகத்துக்கு டீசல் வேன் ஓட்டுகிறேன். அதிலும் பிரேக் இறுக்கம். தம்பி மின்சார வேக்குவம் பம்ப் வாங்கி மாட்டலாம் என்கிறான்.

பதில்: தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் என்ஜினில் போல, பெரும்பாலான டீசல் என்ஜின்களில் திராட்டில் கதவால் வெற்றிடம் பிறப்பதில்லை. அதனால் தனி வெற்றிட பம்ப் ஏற்கெனவே இருக்கும். பல வேன்களில் அது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் முதுகில், வேறு சிலவற்றில் என்ஜினின் தலைப்பகுதியில். மின்சார பம்ப் வாங்குமுன் அதை அளந்து பாருங்கள். அண்மையில் ஆல்டர்னேட்டரை மாற்றினீர்களா? மாற்றியிருந்தால், பழையதில் இருந்த பம்ப் புதியதிலும் இருக்கிறதா, அதற்கு எண்ணெய் கொண்டுவரும் மெல்லிய குழாயைத் திரும்ப மாட்டினார்களா என்று முதலில் குனிந்து பாருங்கள்.