லிஃப்ட் செய்த வண்டியில் ஸ்டீயரிங் உதறல், அதிர்வு, 'டங்' சத்தம்: எங்கே தேடுவது?

கேள்வி: முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கெட்டியான ஆக்ஸில்) உள்ள ஃபோர் வீல் டிரைவ் வண்டி. 75 மிமீ லிஃப்ட் கிட்டும் 31 அங்குல டயரும் போட்ட பிறகு, 70-80 கிமீ வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் பயங்கரமாக உதறுகிறது. ஆக்சிலரேட்டர் மிதித்தால் தரையில் அதிர்வு. மேடுபள்ளத்தில் 'டங்' என்று அடிக்கிறது. ஷாக் அப்சார்பரை மாற்றியும் தீரவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்:

ஷாக்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வண்டி உயர்ந்ததும் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு ராடும் வேறு கோணத்துக்குப் போய்விடுகிறது. நீங்கள் சொல்லும் மூன்று தொந்தரவுகளும் பெரும்பாலும் அந்தக் கோணங்களிலிருந்தும், ராடு முனைகளில் உள்ள புஷ் (ரப்பர் உறை), ஜாயிண்ட்டுகளின் ஆட்டத்திலிருந்தும்தான் வரும். மூன்றுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. தனித்தனியாகப் பிரித்துத் தேடுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் உதறல், ஆபத்தானது அதுதான். ஓடும்போது வந்தால் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டாமல், ஆக்சிலரேட்டரை விட்டு மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரம்கட்டுங்கள். சரிசெய்யும்வரை வேகமாக ஓட்டும் சாலைக்கு வண்டியைக் கொண்டுபோகாதீர்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஜாக்கி தேவையில்லை. நான்கு சக்கரமும் தரையில் இருக்க, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிடுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகக் கால் சுற்று ஆட்டட்டும். நீங்கள் கீழே டிராக் பாரைப் பாருங்கள். சேசிஸிலிருந்து ஆக்ஸிலின் மறுமுனைக்குக் குறுக்கே போகும் ராடு அது, பான்ஹார்ட் ராடு என்றும் சொல்வார்கள். அதன் இரு முனைகளிலும் ராடும் பிராக்கெட்டும் சேரும் இடத்தில், நடுவே நுழையாமல் இரண்டின் மேலும் படுகிற மாதிரி விரலை வையுங்கள். ரப்பர் புஷ் துளி முறுகலாம். போல்ட் மட்டும் அதன் ஓட்டைக்குள் துளியும் நகரக் கூடாது. நகர்ந்தால் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். ஓட்டை ஒரு பக்கம் இழுபட்டு நீண்டிருக்கும், சுற்றிலும் பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளபளக்கும். போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது மறுபடி தளர்ந்துவிடும். சரியான துளையுள்ள கனத்த வாஷரை வெல்ட் செய்ய வேண்டும், இல்லையென்றால் பிராக்கெட்டையே மாற்ற வேண்டும்.

ஸ்டீயரிங்கை அப்படி ஆட்டும்போதே டிராக் லிங்க் (drag link, ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரப் பக்கம் போகும் ராடு), டை ராடு (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் ராடு) முனைகளையும் ஸ்டீயரிங் பாக்ஸ் சேசிஸில் உட்காரும் போல்ட்டுகளையும் பாருங்கள். பிறகு ஆக்ஸிலுக்கு ஜாக்கி கொடுத்து டயரைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கி, அடியில் கடப்பாரை விட்டு நெம்புங்கள். மேலும் கீழுமாக ஆட்டம் தெரிந்தால் சக்கரம் இடவலமாகத் திரும்ப உதவும் பால் ஜாயிண்ட்டாக இருக்கலாம், அதே வேலை செய்யும் கிங் பின்னாக இருக்கலாம், வீல் பேரிங்காகவும் இருக்கலாம். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி நெம்புங்கள்: ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின்.

ஸ்டீயரிங் டேம்பரை (ஸ்டீயரிங் ராடில் அதிர்வை அடக்கும் சின்ன ஷாக்) மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புது டேம்பர் உதறலைக் கொஞ்ச காலம் மூடிவைக்கும், அதற்குள் ஓட்டை இன்னும் பெரிதாகும்.

ஆட்டம் எங்கும் இல்லையென்றால் டயர் பேலன்ஸையும் காஸ்டர் கோணத்தையும் (பக்கவாட்டில் பார்த்தால், முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) பாருங்கள். சேசிஸிலிருந்து ஆக்ஸிலுக்கு நீளவாக்கில் போகும் ரேடியஸ் ஆர்ம் வகை வண்டியில் ஆர்ம் ஆக்ஸிலோடு இரண்டு புஷ்களால் கட்டிப்போட்டது போல இருப்பதால், ஆர்ம் எவ்வளவு சாய்கிறதோ ஏறக்குறைய அவ்வளவு ஆக்ஸிலும் திரும்பும். 900 மிமீ நீள ஆர்மின் ஒரு முனை 75 மிமீ இறங்கினால் அது கிட்டத்தட்ட 5°. பல வண்டிகளில் கம்பெனி கொடுக்கும் காஸ்டரே 3-5° தான், அதாவது மிச்சம் எதுவும் இல்லை. திருப்பத்துக்குப் பின் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் இருப்பதும், நேர்சாலையில் வண்டி அலைவதும் இதன் அடையாளம். அலைன்மென்ட் மெஷினில் அளந்து, மையம் விலகிய புஷ், டிராப் பிராக்கெட், நீளம் மாற்றக்கூடிய ஆர்ம் ஆகியவற்றில் ஒன்றால் மீட்கலாம். காஸ்டரைக் கூட்ட ஆக்ஸிலைத் திருப்பும்போது முன் டிஃபரென்ஷியலின் பினியன் மூக்கு (ஷாஃப்ட் வந்து சேரும் முனை) கீழே போகும், டிஃபரென்ஷியலுக்குச் சக்தி கொண்டுவரும் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மோசமாகும். அதனால் தேவைக்கு மேல் கூட்டாதீர்கள்.

டிராக் பாருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 850 மிமீ நீளப் பாரின் இரு முனைகளுக்கும் முன்பு 100 மிமீ உயர வித்தியாசம் இருந்தது என்று வையுங்கள். லிஃப்டுக்குப் பின் அது 175 மிமீ. முன் ஆக்ஸில் சுமார் 12 மிமீ பக்கவாட்டில் நகர்ந்துவிடும். நீளம் மாற்றக்கூடிய பார் போட்டு மையத்துக்குக் கொண்டுவரலாம். பாரின் பிராக்கெட்டை மட்டும் இறக்கி, டிராக் லிங்க்கை அப்படியே விடுவது பலர் செய்யும் தவறு. முன்னாலிருந்து பார்த்தால் இரண்டும் இணையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் நீங்கள் தொடாமலே வண்டி திரும்பும்.

அடுத்து அதிர்வு. அதன் வேகமே காரணத்தைக் காட்டிவிடும். 31 அங்குல டயர் 80 கிமீ வேகத்தில் நொடிக்கு சுமார் 9 முறை சுற்றும். டிஃபரென்ஷியல் விகிதம் 4.1 என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட் நொடிக்கு சுமார் 37 முறை சுற்றும், அதன் முனையில் வளைந்தபடி சுழல விடும் யுனிவர்சல் ஜாயிண்ட் கோணத்தால் வரும் அதிர்வு அதற்கும் இரண்டு மடங்கு. குலுக்கலாகத் தெரிந்தால் டயரும் ரிம்மும், காலுக்கடியில் ரீங்காரமாகத் தெரிந்தால் ஷாஃப்ட். மிதிக்கும்போது வந்து, காலை எடுத்ததும் போனால் பின் பினியன் கோணத்தின் மேல்தான் முதல் சந்தேகம்.

பினியன், ஷாஃப்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஷாஃப்ட்டுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) வெளிமுனை மூன்றின் மேலும் ஆங்கிள் ஃபைண்டர் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரு முனையிலும் ஒற்றை ஜாயிண்ட் உள்ள ஷாஃப்ட் என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இரு ஜாயிண்ட்டிலும் வரும் கோணங்களுக்கிடையே 1°-க்கு மேல் வித்தியாசம் கூடாது. டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை ஜாயிண்ட் உள்ள ஷாஃப்ட்டில் கணக்கே வேறு: பினியன் நேராக ஷாஃப்ட்டைப் பார்க்க வேண்டும், பட்டை ஸ்பிரிங் வண்டியில் அதைவிட 1-2° கீழே. வேகம் எடுக்கும்போது பட்டை முறுகி பினியன் மேலே எழும் என்பதற்காகத்தான் அந்த இடைவெளி. பட்டை ஸ்பிரிங்கில் ஆப்பு வடிவத் தகடு வைத்தும், காயில் ஸ்பிரிங்கில் மேல் ஆர்மின் நீளத்தை மாற்றியும் சரிசெய்யலாம். ஷாஃப்ட்டை யாராவது பிரித்து மாட்டியிருந்தால் இரு முனை யோக்குகளும் (ஜாயிண்ட்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே நேரில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஸ்பிளைனில் (ஷாஃப்ட்டின் இரு பாதிகளும் பொருந்தும் பற்களில்) ஒரு பல் தள்ளி மாட்டினாலே அதிர்வு வரும்.

'டங்' சத்தத்துக்கு இரண்டு இடம் போதும். ஒன்று, புஷ் போல்ட்டுகள். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கியிருந்தால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும். எல்லா ஆர்ம் போல்ட்டுகளையும் தளர்த்தி, வண்டியைத் தரையில் விட்டு நாலு முறை அமுக்கி ஆட்டிவிட்டு, பிறகு டார்க் ரெஞ்சால் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். இரண்டு, ஷாக்கின் நீளம். சேசிஸைத் தூக்கி ஆக்ஸிலைத் தொங்கவிடுங்கள். வேறு எதுவும் தடுக்காமல் ஷாக் முழுக்க நீண்டு அதுவே ஆக்ஸிலைத் தாங்கி நின்றால் அது குட்டை. ஒவ்வொரு குழியிலும் அடி அதன் மேல் மவுண்ட்டில் விழும். மறுபக்கம், பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் மேலே வந்து சேசிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) முழுக்க அமுங்கிய நிலையிலும் ஷாக்கில் 10-15 மிமீ மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பம்ப் ஸ்டாப்பை நீட்டுங்கள். நீங்கள் புதிதாகப் போட்ட ஷாக் பழைய உயரத்துக்கானது என்றால் சத்தத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பட்டை ஸ்பிரிங் என்றால் கழற்றிய யூ-போல்ட்டை மறுபடி போடாதீர்கள். புதிதாகப் போட்டதையும் 500 கிமீ ஓடியபின் ஒருமுறை இறுக்கிச் சரிபாருங்கள். யூ-போல்ட் தளர்ந்தால் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் இடம் நகரும்.

வண்டியின் அடியில் இருக்கும்போதே பிரேக்கையும் பார்த்துவிடுங்கள். ஆக்ஸில் முழுக்கத் தொங்கும்போது பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், டிஃபரென்ஷியலின் காற்றுப்போக்கியான பிரீதர் குழாய் எதுவும் விறைக்கக் கூடாது. பின் ஆக்ஸிலுக்கு ராடு போகும் லோட் சென்சிங் வால்வு (சுமைக்கு ஏற்ப பின் பிரேக் அழுத்தத்தை மாற்றுவது) இருந்தால், உயர்ந்த வண்டியை அது காலி வண்டி என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். அதன் பிராக்கெட்டை லிஃப்ட் அளவுக்கு, உங்கள் வண்டியில் 75 மிமீ, நீட்டிப் பொருத்த வேண்டும்.