சேராதது சாப்பாடா, மாத்திரையா?

கேள்வி: என் கணவருக்கு வயது 59. எட்டு மாதங்களாகச் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வயிறு உப்பிக்கொண்டு, இரைச்சலும் வாயுவும் தொல்லை தருகின்றன. நாளுக்கு மூன்று நான்கு முறை தளர்வாக மலம் போகிறது. முதலில் காபிதான் சேரவில்லை என்று பாலை நிறுத்தினோம். பிறகு சப்பாத்தியை நிறுத்தினோம், அதன்பின் பருப்பையும் தயிரையும் விட்டோம். இப்போது இட்லிகூட ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார். பல உணவுகளை ஒரே ரத்தப் பரிசோதனையில் சோதித்துப் பார்த்ததில் 23 பொருள்கள் ஆகாது என்று அறிக்கை வந்தது. பாதியளவுதான் சாப்பிடுகிறார்; ஆறு கிலோ எடை குறைந்துவிட்டது. பலவீனத்தால் மாலையில் கை நடுங்கி வியர்க்கிறது, பாதமும் மரத்துப்போகிறது. நாங்கள் சைவ உணவுக்காரர்கள். பதினொரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டு வந்தவருக்குச் சென்ற தீபாவளியை ஒட்டி அதன் அளவைக் கூட்டி, கிளிமிபிரைடும் வோக்லிபோஸும் சேர்ந்த ஒரே மாத்திரையாக மாற்றினார்கள். ரத்த அழுத்தத்துக்கு மூன்று ஆண்டுகளாக ஒல்மெசார்டான் சாப்பிடுகிறார். இனி எந்த உணவைத்தான் கொடுப்பது?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரிக்கே முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மாலையில் கை நடுங்கி வியர்ப்பது வெறும் பலவீனமாக இல்லாமல், ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோவதன் அடையாளமாக இருக்கக்கூடும். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து. சாப்பாடு பாதியாகக் குறைந்தாலும் அதன் வேலை குறையாது. அடுத்த முறை நடுக்கம் வந்தவுடன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், கருவி கையருகே இல்லையென்றால் பார்க்காமலேயே, சுமார் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். வீட்டுச் சர்க்கரையையும் வெல்லத்தையும் இதற்கு நம்ப வேண்டாம். வோக்லிபோஸ் சாப்பிடுபவருடைய குடலில் அவை உடைந்து ரத்தத்தில் கலக்கத் தாமதமாகும். இந்த ஒரு காரணத்துக்காகவே நீங்கள் இந்த வாரம் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இனி வயிற்றுக்கு வருவோம். நிறுத்திய உணவுகளை நீங்கள் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை நிறுத்தியதும் வயிறு சரியானது என்று எங்கும் எழுதவில்லை. உண்மையிலேயே ஓர் உணவு சேராதவருக்கு அதை விட்டால் சில நாட்களில் நிம்மதி கிடைக்கும். திரும்பச் சாப்பிட்டால் தொல்லை திரும்பும். விட விடப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது என்றால், எல்லா வேளைச் சாப்பாட்டோடும் கூடவே உள்ளே போகும் வேறொன்றைத் தேட வேண்டும். உங்கள் கணவர் விஷயத்தில் அது மாத்திரை. சென்ற தீபாவளியிலிருந்து எண்ணிப் பாருங்கள், அந்த எட்டு மாதங்களும் இந்த எட்டு மாதங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும்.

வோக்லிபோஸ் வேலை செய்யும் விதத்தை அறிந்தால் இது விளங்கும். அரிசி, கோதுமை ஆகியவற்றின் மாவுச்சத்தைச் சிறுகுடலின் சுவரில் உள்ள நொதிகள் குளுக்கோஸாக உடைக்கின்றன. சாப்பிட்டவுடன் சர்க்கரை ஏறாமலிருக்க, இம்மருந்து அந்த நொதிகளைத் தடுத்து உடைபடுவதைத் தாமதப்படுத்துகிறது. உடையாமல் எஞ்சியது பெருங்குடலுக்குச் செல்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. பால் சேராதவர்களுக்கு நடப்பதும் இதே போன்றதுதான்: பாலில் உள்ள லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் நொதி குறைவாக இருப்பதால், அந்தச் சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது. ஆகவே உப்புசமும் இரைச்சலும் தளர்ந்த மலமும் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். வயிற்றை மட்டும் கேட்டு இன்னதென்று பிரித்தறிய முடியாது. இட்லியும் சப்பாத்தியும் ஒரே நேரத்தில் ‘ஆகாமல்’ போனதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பாலைப் பொறுத்தவரை, லாக்டோஸ் சேராதவர்களிலேயே பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை, அதாவது 250 மில்லி பால் வரை, பெரிய தொல்லையின்றி ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரு டம்ளர் காபியில் சேரும் 100 மில்லி பாலில் இருப்பது ஏறக்குறைய 5 கிராம்தான்.

மெட்ஃபார்மினுக்கும் இதில் பங்கு இருக்கலாம். அதன் பக்கவிளைவுகளில் மிகவும் பொதுவானது வயிற்றுப்போக்குதான். அளவைக் கூட்டும்போது அது தலைகாட்டும், பல ஆண்டுகள் தொல்லையின்றிச் சாப்பிட்டவருக்குப் புதிதாக வருவதும் உண்டு. ‘பதினொரு ஆண்டாகச் சாப்பிடும் மாத்திரைதானே’ என்று அதை ஒதுக்கிவிட வேண்டாம். சாப்பாட்டோடு விழுங்குவதாலும், மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவதாலும் பலருக்குத் தொல்லை குறைகிறது. (அந்த வகை மாத்திரையின் வெற்று ஓடு சில சமயம் மலத்தில் தெரியும், மருந்து செரிக்காமல் போகிறது என்று அஞ்ச வேண்டியதில்லை.)

ஒல்மெசார்டானை நான் கடைசியாகச் சொல்வதால் அது முக்கியமற்றது என்று நினைக்க வேண்டாம். 2012-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், இம்மருந்தைச் சாப்பிட்டுவந்த 22 பேருக்கு நீடித்த வயிற்றுப்போக்கும் எடை இழப்பும் ஏற்பட்டிருந்ததை வெளியிட்டார்கள். குடலின் உட்சுவர் கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயில் இருப்பது போலவே சிதைந்திருந்தது. ஆனால் அந்நோய்க்குரிய ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை, கோதுமையை விட்டும் பயனில்லை. மருந்தை நிறுத்திய பிறகே அவர்கள் தேறினார்கள். 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றிய எச்சரிக்கையை மருந்தின் குறிப்பில் சேர்க்கச் செய்தது. இது அரிதானது, ஆயினும் தொடங்கிப் பல மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்தும் வரலாம் என்பதால், எடை குறையும் ஒருவருக்கு இதையும் நினைவில் வைத்தாக வேண்டும்.

உங்கள் கையில் உள்ள 23 பொருள்களின் அறிக்கை ஐ.ஜி.ஜி. என்னும் எதிர்ப்புப் புரதத்தை அளந்ததாக இருந்தால், அதை மடித்து வைத்துவிடலாம். அந்தப் புரதம் ஓர் உணவை நாம் வழக்கமாகச் சாப்பிட்டு வருகிறோம் என்பதைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது. உணவு சேராமையைக் கண்டறிய அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு 2008-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. பணம் செலவழித்து, நல்ல உணவையும் இழந்து நிற்கும் குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

அந்த இழப்பு உங்கள் வீட்டில் நேர்ந்துவிட்டதோ என்று அஞ்சுகிறேன். மெட்ஃபார்மின் நீண்ட காலம் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவது தெரிந்த விஷயம். சைவ உணவுக்காரர்களுக்கு அந்த வைட்டமின் கிடைக்கும் முக்கிய வழியே பாலும் தயிரும்தான். நீங்கள் முதலில் நிறுத்தியவற்றுள் இரண்டும் இருக்கின்றன. பாதம் மரத்துப்போவதைச் சர்க்கரை நோயின் கணக்கிலேயே எழுதிவிடாமல், பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டைகள் அனைத்தையும், மருந்துக் கடையில் நீங்களாக வாங்கும் ஜெலுசில் போன்றவற்றையும் நாட்டு மருந்துகளையும் சேர்த்து ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். எந்த மாதம் எது தொடங்கியது, எந்த மாதம் எந்தத் தொல்லை வந்தது என்று ஒரு தாளில் இரண்டு பத்திகளாக எழுதிக் கொடுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. மருத்துவர் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால்தான் எது காரணம் என்பது தெரியும். வயிறு அமைதியான பிறகு, விட்ட உணவுகளைச் சில நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் மலம் போகும் வழக்கம் மாறி எடையும் குறைந்திருப்பதால், பழியை மாத்திரை மேல் போட்டுவிட்டு நின்றுவிடவும் கூடாது. குடல் உள்நோக்கிப் பரிசோதனை வேண்டுமா என்று கட்டாயம் கேளுங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து ஓட நேர்ந்தாலோ அதையும் சொல்லுங்கள்.

கேள்வி: காசநோய்க்கு மருந்து சாப்பிட்டுவரும் என் தம்பி, சென்ற வாரம் சூரை மீன் குழம்பு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, தலைவலியும் படபடப்புமாகத் துடித்துப்போனான். பிறந்ததிலிருந்து மீன் சாப்பிட்டு வளர்ந்தவன். இனி வாழ்நாள் முழுவதும் மீனே ஆகாதா?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: வாழ்நாள் முழுவதும் விலக்க வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் பிடித்தவுடன் ஐஸில் வைக்கப்படாவிட்டால் இந்தக் குறிகளை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்னும் பொருள் அவற்றில் பெருகுகிறது. மீனைக் கொதிக்கவைத்தாலும் அது அழியாது. சாதாரணமாகச் சிறிதளவு ஹிஸ்டமினை நம் குடலில் உள்ள ஒரு நொதி சிதைத்துவிடும். காசநோய் மருந்தான ஐசோனியாசிட் அந்த நொதியைத் தடுக்கிறது. அதனால் வீட்டில் மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத அதே குழம்பு உங்கள் தம்பியை மட்டும் வாட்டியிருக்கலாம். 1970-களின் பிற்பகுதியில் இலங்கையில், ஐசோனியாசிட் சாப்பிட்ட காசநோயாளிகளிடம் மீன் சாப்பிட்ட பிறகு இதே குறிகள் கண்டு பதிவு செய்யப்பட்டிருக்கின்றன.

சிகிச்சை முடியும்வரை இவ்வகை மீன்களை விலக்கினால் போதும். மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. நடந்ததை மருந்து வழங்கும் மையத்தில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். உண்மையான மீன் ஒவ்வாமை அல்ல என்பதை மருத்துவர் உறுதிசெய்யட்டும். மீண்டும் இப்படி நேர்ந்து மூச்சுத்திணறலோ, உதடும் நாக்கும் வீங்குவதோ, மயக்கமோ கண்டால், என்ன காரணம் என்று யோசித்து நிற்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.