தேக்கா வேண்டாம், ஈசூனைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு. மன்னார்குடி மாதிரிச் சின்ன ஊரில் வளர்ந்தவருக்குச் சிங்கப்பூரில் மனம் ஒட்டுமா? வேலை நகர மையத்து ராஃபிள்ஸ் பிளேஸில் என்பதால் மனைவியோடு தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், வீடு எடுக்கலாமா?

இரண்டாவதற்கு முதலில் பதில்: வேண்டாம். தேக்கா போய் வர நல்ல இடம், குடியிருக்க அல்ல. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய நகர்களைப் பாருங்கள். 1960இல் அந்தக் கழகம் தொடங்கிய பிறகு எழுந்த நகர்களில் சந்தை, பள்ளிக்கூடம், மருந்தகம், நூலகம், பேருந்து முனையம் எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டினார்கள். அந்தக் கழகமே முழுக்கத் திட்டமிட்ட முதல் நகர் தோ பாயோ. ஆகவே நீங்கள் தேடும் சின்ன ஊர் இங்கேயும் உண்டு. பன்னிரண்டாவது மாடியில் இருக்கும், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் வடக்கே இருக்கும் ஈசூன் நகர். ‘நீ சூன்’ என்ற பழைய பெயர்தான் மாண்டரின் உச்சரிப்பில் ஈசூன் ஆனது. 1988இலேயே எம்ஆர்டி ரயில் வந்துவிட்ட ஊர். ராஃபிள்ஸ் பிளேஸுக்கு ரயில் மாற வேண்டாம், முக்கால் மணி நேரம் பிடிக்கும். மாலை நடைக்கு லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கம். பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கும் பாலசுப்பிரமணியர் கோவில் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

வீடு பார்க்கும்போது எல்லாரும் எம்ஆர்டிக்கு எத்தனை நிமிடம் என்று கேட்பார்கள். நீங்கள் மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தைக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். பத்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். ரயில் நிலையத்துக்குக் கொண்டுவிட ஃபீடர் பஸ் உண்டு; மீன் வாங்க பஸ் ஏற வேண்டியிருந்தால் சந்தைப் பழக்கமே விட்டுப்போகும், பேரங்காடியில் உறைய வைத்த மீனோடு காலம் போய்விடும்.

வாடகையில் புதியவர்கள் இடறும் இடம் ஒன்று. மலேசியர் அல்லாத வெளிநாட்டினருக்கு முழு வீவக வீட்டை வாடகைக்கு விட ஒதுக்கீடு உண்டு: வட்டாரத்துக்கு 8 விழுக்காடு, புளோக்குக்கு, அதாவது ஒரு கட்டடத்துக்கு, 11. அது நிரம்பிவிட்டால் உரிமையாளர் சம்மதித்தாலும் அனுமதி வராது. அறை வாடகைக்கு இந்தக் கணக்கு இல்லை. அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, இந்த மாதம் அந்த புளோக்கில் இடம் இருக்கிறதா என்று உரிமையாளரை வீவக இணையத்தளத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்து வாடகைக்கு எடுக்க முடியாது. வீவக வாடகையில் முகவர் கையில் பணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். வாடகையும் முன்பணமும் நேரே உரிமையாளர் கணக்குக்குப் போகட்டும். முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 3,000 சிங்கப்பூர் வெள்ளி, இரண்டு ஆண்டு என்றால் 288 வெள்ளி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் வழக்கமாகக் குடிவருபவர்தான் கட்டுவார். வேலை போனால் முன்கூட்டியே வீட்டை விட இடம் தரும் ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ என்ற விதி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி சுகத்துக்கு வருவோம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சந்தைக்குப் போங்கள். தரை ஈரமாக இருக்கும், செருப்பு வழுக்காததாக இருக்கட்டும். மீன் விற்பவர் பெரும்பாலும் சீனராக இருப்பார். உங்கள் தமிழும் அவர் சீனமும் மலாயில் சந்திக்கும். நம் வஞ்சிரம் மலாயில் தெங்கிரி, வவ்வால் பாவால், கொடுவா சியாக்காப், கணவாய் சோத்தோங். வெட்டித் தர வேண்டுமானால் ‘போத்தோங்’ என்று சொல்லி, துண்டின் கனத்தை விரலால் காட்டுங்கள். வாயைத் திறக்காமல் நின்றால் ஆவியில் வேகவைக்க என்று நினைத்து முழுசாகவே கட்டிக் கொடுத்துவிடுவார். தலையைக் கேட்டு வாங்குங்கள், குழம்புக்கு ஆகும். ஒரே கடையில் வாங்கினால்தான் முகம் பதியும். அதன் பிறகு எது நேற்றைய மீன் என்று அவரே கண்ணால் காட்டுவார்.

அப்படியே காப்பிக்கடை. வெறும் ‘கோப்பி’ என்றால் கெட்டிப்பாலும் சீனியும் சேர்ந்து வரும். நம் நாக்குக்கு ‘கோப்பி சி சியூ தாய்’ நெருங்கி வரும்: ஆவிப்பால், சீனி குறைவு. பால் வேண்டாம் என்றால் ‘ஓ’, சீனியே வேண்டாம் என்றால் ‘கோசோங்’. மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது ஆள் இருக்கும் இடம். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வையுங்கள். உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பரிலிருந்து அது கட்டாயம்.

ஆளைப் பழக சமூக மன்றம் போதும். அங்குள்ள இந்தியர் நற்பணிச் செயற்குழுக்கள் பொங்கல், தீபாவளி நடத்தும். பார்க்க மட்டும் போகாமல் நாற்காலி போட ஆள் வேண்டுமா என்று கேட்டுப் போங்கள்.

சின்ன ஊரின் தொல்லையும் உண்டு. புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் ஒரு வாரம் மலாய்க் கல்யாணம், கொம்பாங் மேளம். அடுத்த வாரம் சீனர் வீட்டுத் துக்கம், இரவெல்லாம் விளக்கும் பேச்சும். தூக்கம் மெல்லியவர் என்றால் மூன்றாவது மாடிக்குக் கீழே எடுக்காதீர்கள். இன்னொன்று, திங்கட்கிழமை மீனுக்குப் போகாதீர்கள், பல கடைகள் மூடியிருக்கும்.