கேஸ் ஷீட் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: அறுபத்தெட்டு வயதான என் தந்தைக்கு நான்கு மாதங்களுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. வலி இன்னும் தீரவில்லை. கோவையில் வேறொரு மருத்துவரிடம் காட்டினோம். அவர் ஆபரேஷன் குறிப்பைக் கேட்கிறார். பழைய மருத்துவமனையிலோ, "டிஸ்சார்ஜ் சம்மரிக்கு மேல் எதுவும் தர முடியாது, கேஸ் ஷீட் ஆஸ்பத்திரியின் சொத்து" என்கிறார்கள். என்ன செய்வது? (வாசகி, தாராபுரம்)

பதில்: கேஸ் ஷீட் எனப்படும் சிகிச்சைக் குறிப்புகளின் மூலத்தாள் மருத்துவமனையில்தான் இருக்கும், அந்த அளவில் அவர்கள் சொல்வதில் தவறில்லை. ஆனால் அதன் நகலைப் பெறும் உரிமை உங்கள் தந்தைக்கு உண்டு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டுத் தொழில் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் சிகிச்சைக் குறிப்புகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரமளித்த உறவினரோ கேட்டால், கோரிக்கைக்கு ஒப்புகை தந்து, 72 மணி நேரத்துக்குள் அவற்றை வழங்கவும் வேண்டும். மறுப்பது தொழில்முறைத் தவறு என்று அதே விதிகள் தனியாகச் சொல்கின்றன. அந்தக் கவுன்சிலின் இடத்தில் வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய விதிகள் அந்த மாதமே நிறுத்திவைக்கப்பட்டதால், பழைய விதிகள்தாம் தொடர்கின்றன.

வரவேற்பு மேசையில் வாயால் கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. மருத்துவக் கண்காணிப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, வீடு திரும்பிய தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, வேண்டிய தாள்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, செவிலியர் எழுதிய தினசரி அட்டவணை, ஆய்வக முடிவுகள், எக்ஸ்ரே படங்கள். பொருத்தப்பட்ட செயற்கை மூட்டின் பெட்டியிலிருந்து உரித்து ஒட்டிய சிறு லேபிள் வழக்கமாகக் குறிப்புத் தாளிலேயே இருக்கும். தயாரிப்பாளர் பெயரும் அளவும் வரிசை எண்ணும் அதில்தான் தெரியும் என்பதால், அந்தப் பக்கத்தைக் கட்டாயம் கேளுங்கள். கடிதத்தில் உங்கள் தந்தை கையெழுத்திட வேண்டும். நீங்கள் போய் வாங்குவதானால் உங்கள் பெயரில் அவரது அதிகாரக் கடிதமும் வேண்டும்.

இரண்டு பிரதிகள் கொண்டுபோய், உங்களிடம் இருக்கும் பிரதியில் முத்திரையும் தேதியும் நேரமும் போட்டு வாங்குங்கள். பெரும்பாலும் அந்த முத்திரை விழுந்த உடனேயே பேச்சின் தொனி மாறிவிடும் என்பது என் அனுபவம். முத்திரை தர மறுத்தால் அதே கடிதத்தை ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். நகல் எடுக்கும் செலவை அவர்கள் கேட்டால் கொடுத்துவிடுங்கள், அது நியாயமானது.

அதன் பிறகும் தராவிட்டால், மருத்துவர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், மருத்துவமனை மீது உங்கள் மாவட்டத்தின் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநரிடமும் புகார் செய்யலாம். கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சை என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அதற்கு இரண்டு ஆண்டுக் கெடு உண்டு. அரசு மருத்துவமனையாக இருந்தால் வழி வேறு: அனைவருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அங்கே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்துடன் மனு செய்தால் 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

கேள்வி: என் மனைவிக்குக் கர்ப்பப்பைக் கட்டி. அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவு, பூர்த்தி செய்யாத நான்கு படிவங்களில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. இது சரியா? (வாசகர், சிவகாசி)

பதில்: சரியில்லை. நினைவோடும் தெளிவோடும் இருக்கிற வயதுவந்த பெண்ணின் உடல்மீது நடக்கும் சிகிச்சைக்கு அவர்தான் சம்மதம் தர வேண்டும். தில்லியில் 1995-இல், பரிசோதனைக்காக மயக்க மருந்து தரப்பட்ட 44 வயதுப் பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். சமீரா கோலி வழக்கு என்று அறியப்படும் அதில் 2008-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது தாயின் சம்மதம் செல்லாது என்றும், பரிசோதனைக்குத் தந்த சம்மதம் அறுவைச் சிகிச்சைக்குத் தந்ததாகிவிடாது என்றும் கூறியது. இழப்பீடாகக் கிடைத்த 25,000 ரூபாய் மிகக் குறைவு என்பது என் கருத்து. ஆனால் இன்றைக்கும் சம்மதம் பற்றிய வாதங்களில் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

வெற்றுப் படிவத்தில் இனிமேல் கையெழுத்திடாதீர்கள். என்ன சிகிச்சை, யார் செய்கிறார், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பவை எழுதப்பட்டு, உங்கள் மனைவிக்குப் புரியும் தமிழில் விளக்கப்பட்ட பிறகு அவரே கையெழுத்திடட்டும்.

கேள்வி: இருபது ஆண்டுகளாக வார்டில் வேலை பார்க்கும் செவிலி நான். உரிமை, உரிமை என்றே எழுதுகிறீர்களே, நோயாளிகளுக்குக் கடமை எதுவும் கிடையாதா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: கோபம் நியாயமானது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் உருவாக்கிய நோயாளி உரிமைச் சாசனம் 17 உரிமைகளோடு கடமைகளையும் சேர்த்தே பேசுகிறது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவது எவ்வளவு பெரிய குற்றம் என்பதற்குத் தமிழ்நாட்டில் 2008 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. கைக்குழந்தை முதல் பாட்டி வரை குடும்பமே வார்டில் கூடுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எல்லாவற்றையும்விட நோயாளிக்கே கேடு செய்வது, உண்மையை மறைப்பதுதான். என் பெரியம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை இருமுறை தள்ளிப்போனது, சர்க்கரை இறங்கவே இல்லை. மூன்றாம் முறை, இளம் மருத்துவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டபோதுதான், மூட்டு வலிக்காகச் சந்தையில் வாங்கிய பெயரில்லாப் பொடி ஒன்றைச் சாப்பிட்டு வந்தது தெரிந்தது. அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு; அது சர்க்கரையை ஏற்றும். "திட்டுவாங்களேன்னு சொல்லல" என்றார் பெரியம்மா. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை இப்படி மறைத்தால், பெரிய அறுவைச் சிகிச்சைகளில் மேசையிலேயே ரத்தக்கசிவு கட்டுக்கடங்காமல் போகலாம்.

எனவே வாசகர்கள் மருத்துவமனைக்குக் கிளம்பும்போது, வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள், லேகியம், சூரணம், எண்ணெய், பாதி தீர்ந்த பாட்டில் என எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுபோய் மருத்துவரின் மேசைமீது அப்படியே கொட்டிவிடுங்கள்.